பேராசிரியர் ஃபிஸ்க் எழுந்து நின்றார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாஸ்டனுக்கு அருகே ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியரான லைமன் ஃபிஸ்க் வருடக்கணக்கில் ஒரே பாட்டைத்தான் பாடிவந்தார். கடினமான எண்ணம் ஒன்றை நழுவவிடாமல் மனத்தின் முன் நிறுத்துவதுதான் மன உறுதி. பிறகு செயல் தானாக வரும். வீரம் என்பதும் அவ்வளவே. பாடம் முடிந்து வீடு திரும்பி, ‘தொடக் கூடாது’ என்று நினைத்தபடியே ஆப்பிள் கேக்கை முழுசாகத் தின்று தீர்ப்பார்.

அன்று ஆசிரியர் கூட்டத்தில் அவருடைய மாணவி டபிதா க்ரோவலின் தலையெழுத்து முடிவாக இருந்தது. முனைவர் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். ஆனால் பெண்ணுக்குப் பட்டம் கூடாது என்று ஒரு தீர்மானம் கூட்டத்தின் முன் இருந்தது. கூட்டம் முடிவதற்குள் ஒருவர் ஆட்சேபித்தாலும் விஷயம் கல்லூரி அறங்காவலர்களிடம் போகும். யாரும் வாய் திறக்காவிட்டால் அதோடு சரி.

‘எழுந்து ஆட்சேபிக்க வேண்டும்.’ ஃபிஸ்க் அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீனின் முறைப்பு நினைவுக்கு வந்தது, விரட்டினார். பதவி உயர்வு பற்றிய நினைப்பு வந்தது, அதையும் விரட்டினார். அடேயப்பா, என்ன கவனம்! தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். கடைசியில் உடம்பு தானாகவே எழுந்தது.

“கனவான்களே!”

டீன் விட்லாக் முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா, நிலக்கரி வாங்கணும்னு ஃபிஸ்க் எழுந்தே நின்னுட்டார்! சரி, இந்தக் குளிருக்குக் கூடுதலாவே வாங்கிடுவோம்.”

ஃபிஸ்க் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார். “க்ரோவல் விஷயம்?”

“அது அப்பவே முடிஞ்சுதேய்யா. பட்டம் கிடையாதுன்னு ஏகமனசா முடிவாச்சு. நீரும்தான் வாயத் தெறக்கல.”

தண்ணீர் குடிக்கப் போவதாக முணுமுணுத்து வெளியே ஓடினார். நடையில் டபிதா நின்றிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

“கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன் சார். அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் எனக்காக எழுந்து நின்னீங்க.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. சும்மா தலையாட்டிவிட்டால் போதும். காலமெல்லாம் வீரனாக வாழலாம்.

“நான் நின்னது நிலக்கரிக்கும்மா,” என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு போய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

“கூட்டம் இன்னும் முடியலியே, சார்.”

நாற்காலிவரை போனால் உட்கார்ந்துவிடுவோம் என்று ஃபிஸ்குக்குத் தெரியும். அதனால் வாசலில் நின்றபடியே கத்தினார்:

“எனக்கு ஆட்சேபம் இருக்கு!”