சவுந்தரம் வீட்டுக்கு வந்தவர்கள்

"ஆன்டி, இப்ப என்ன புக்கு படிக்கிறீங்க? வாசல்ல குதிரை லத்தியா கிடக்குது" என்று பக்கத்து வீட்டுப் பையன் டேரில் ஒருநாள் கேட்டான். சவுந்தரம் எந்தக் கதையைப் படித்தாலும் அது அவள் வீட்டுக்கு வந்துவிடும் என்பது ஜார்ஜ் டவுனின் அந்தத் தெருவில் சின்னப் பையனுக்கும் தெரியும். அன்று அவள் படித்தது ராஜா காலத்து நாவல். பேய்க்கதைக்கு அலமாரிக்குள் அழுகை கேட்டது. விண்வெளிக் கதை முடியும்வரை பருப்புச் சட்டி அடுப்புக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடியே வெந்தது. காதல் கதைதான் தொல்லை, வீடெல்லாம் எறும்பு. ஓய்வுபெற்ற கிளார்க்கான சவுந்தரம் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டு, மாதாகோயில் மண்டபத்து வாசகர் வட்டத்தில், "கதை நல்லாதான் இருந்துச்சு, எறும்புதான் ஜாஸ்தி" என்று அபிப்பிராயம் சொல்வாள்.

எதிர்வீட்டுக் குமுதா, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவல் எழுதி வெளியிட்டாள். மேடை, பொன்னாடை எல்லாம் இருந்தன. வரிசையில் நின்று பணம் வைத்த கவரைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டவர்கள், வழக்கம்போல அதைப் பிரிக்கவில்லை. தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன என்று சவுந்தரமும் பிரிக்கவில்லை. ஆனாலும் வட்டத்தில் எழுந்து, கண்கலங்கப் படித்ததாகச் சொன்னாள். கைதட்டினார்கள். தன் நாவலைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வந்திருந்த குமுதா வாசலில் அவளை நிறுத்தினாள்.

"படிச்சேன்னு ஏன்க்கா சொன்னீங்க? உங்க வீட்டுக்கு யாருமே வரலையே. எதிர்லதானே இருக்கேன், தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் லா."

"நேரமே கிடைக்கலம்மா..."

"குதிரைக்குக் கிடைச்சிச்சே."

குமுதா அதன்பிறகு எழுதவில்லை. பாதி முடித்திருந்த அடுத்த நாவலைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாள். சில வருடங்களில் நோய்வந்து இறந்தாள். இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அவளை எழுத்தாளர் என்றே சொன்னார்கள். நாவலின் பெயரைத்தான் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்த சவுந்தரம், கதவைத் தாழிட்டுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். முதல் அத்தியாயத்திலேயே நீலச் சீருடையில் ஒரு பெண் வந்து ஓசையில்லாமல் செருப்பைக் கழற்றினாள். பிறகு ஒவ்வொருவராக வந்து, வீங்கிய கால்களை நீட்டி, ஹாலிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்தார்கள். எல்லாம் தெருமுனையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்ற முகங்கள். ஒருத்தியின் பெயரும் சவுந்தரத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லாருக்கும் தேநீர் போட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஒரு வரியையும் தாண்டவில்லை. கடைசிப் பக்கம் முடிந்தபோது அவர்கள் அயர்ந்து தூங்கிப்போயிருந்தார்கள். அவள் ஹால் காத்தாடியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கோப்பைகளைச் சத்தமில்லாமல் கழுவினாள்.