லண்டன்காரிகளும் முன் சீட்டும்

ஒரு சனிக்கிழமை காலை தர்சினி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஏதோ இங்கிலீஷ் பாட்டை முணுமுணுத்தாள். ஆறு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வந்து நான் கேட்டதில்லை, தமிழில்கூட.

"என்ன பாட்டு அது?"

"அடெல்."

"ஆர் அடெல்?"

"லண்டன்காரி. இப்ப எங்க பாத்தாலும் அவதான்."

"நீ எங்க கேட்டனி?"

"வான்ல."

வான் என்றால் கிறிஸ்ரியனின் வான். அவன் மன்னார், பேசாலைக்காரன். எங்களுக்கு முந்திய அகதிப் படகில் இந்த நாட்டுக்கு வந்தவன். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஊரில். டண்டினோங் பக்கத்தில் சலாது இலை கழுவிப் பையில் அடைக்கும் தொழிற்சாலையில்தான் அவனுக்கும் தர்சினிக்கும் வேலை. பின்னேர சிஃப்ட், ஒரு மணிக்குத் தொடங்கும். பன்னிரண்டரைக்கு ஸ்பிரிங்வேலில் எங்கள் தெருமுனையில் வானை நிறுத்தி, வேலைக்குப் போகும் பெண்கள் நாலு பேரை ஏற்றுவான். நான் காலை ஆறு மணிக்கே பலட், சாமான் அடுக்குகிற மரத் தட்டு, அடிக்கிற யார்ட்டுக்குப் போய்விடுவேன். அவள் ஏறுவதை ஒருநாளும் கண்டதில்லை.

எனக்கு லைசென்ஸ் இல்லை. இரண்டு தரம் போய் இரண்டு தரமும் பெயில். இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவன் சின்ன ராசா. பெண்கள் அவனுக்காகத் தெருவில் காத்து நிற்பார்கள்.

திங்கட்கிழமை ஸ்மோகோ என்கிற தேத்தண்ணி இடைவேளையில் யார்ட்டில் சிவமணியிடம் கேட்டேன். அவன் கொழும்பில் இங்கிலீஷில் படித்தவன்.

"உந்த லண்டன்காரியள் என்னடா பாடுறவளவை?"

"எல்லாம் ஒரே கதைதான் மச்சான். ஆம்பிளை விட்டுட்டுப் போவான். இவள் அழுதழுது பாடிக் காசுக்காரி ஆவாள்."

"எங்கட பெண்டுகள் ஏன் அதைக் கேக்கினம்?"

"விட்டுட்டுப் போனால் எப்பிடி இருக்கும் எண்டு பாக்கிறதுக்காக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்று நான் அடித்த ஆணிகளில் பாதி கோணல்.

வேலை முடிந்து வரும் வழியில் பழைய சாமான் விற்கும் கடையில் இறங்கினேன். கல்லாவில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள். "இங்கிலாந்து, பெண்கள், பாட்டு" என்றேன். யாரென்று கேட்டார்கள். எல்லாரும் என்றேன். ஒருத்தி சாடேதான் சிறந்தவள் என்றாள். மற்றவள் ஆனி லெனொக்ஸ் என்றாள். என்னை மறந்து இருவரும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் ஐந்து சீடியைப் பையில் போட்டுத் தந்தார்கள்.

பின்னேரங்களில் வீட்டில் நான் தனி. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். சொல் விளங்கவில்லை, குரல் விளங்கியது. சாடேயின் குரலில் அவசரமே இல்லை. அவளுக்குச் சிஃப்ட் கிடையாது போலும். டைடோ, கோப்பை கழுவிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி. ஏமி வைன்ஹவுஸ் மட்டும் மூட்டை தூக்கியவள் பாடுவதுபோலப் பாடினாள். நான் கிளிநொச்சியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன், அந்த மூச்சு எனக்குத் தெரியும். போன வருடம் செத்துவிட்டாளாம், இருபத்தேழு வயதில். சிவமணிதான் சொன்னான்.

கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. இப்படிப்பட்ட குரல்களைக் கேட்டுக்கொண்டு, கதவு பூட்டிய வானில், ஒரு நாளைக்கு இரண்டு தரம், அவனோடு. தர்சினி காணாதபடி சீடிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். நான் கேட்பது அவளுக்குத் தெரியக்கூடாது. அவள் கேட்பது மட்டும் எனக்குத் தெரியவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்:

"உந்த வேலையை விடு."

"விடமாட்டன்."

"அப்ப உந்த வானை விடு."

"ஏன்?"

நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் லைசென்ஸ் எடுங்கோ. நான் உங்களோட வாறன்."

வானை நிறுத்தியே தீருவது என்று அன்றே முடிவெடுத்தேன். கண்ணால் ஒருதரம் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஆர்.டி.ஓ., சம்பளத்தோடு லீவு. அன்று பன்னிரண்டரைக்கு அவளோடு தெருமுனைக்குப் போனேன்.

"நீங்கள் எங்க?"

"டண்டினோங் மார்க்கெட்டுக்கு. கிறிஸ்ரியன் இறக்கிவிடட்டுமன்."

வான் வந்தது. கிறிஸ்ரியன் கை காட்டினான். தர்சினி, கேட்காமல் கொள்ளாமல், முன் கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் ஏறினாள். நான் பின்னால், நாகபூசணி அக்காவுக்குப் பக்கத்தில். அவவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவவும் சலாது இலைதான். கடைசிச் சீட்டில் இன்னும் இரண்டு பெண்கள்.

"இவள் எப்பவும் முன்னுக்கோ?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

அவவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "முன்னுக்கு இருக்கிற ஆள்தான் தம்பி பாட்டுப் போடுறது. கிழமைக்கு ஒராள் எண்டு முறை. இது என்ர கிழமை. நான் முறையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டன், இப்ப எப்பவும் இவள்தான். என்ர முறைக்கு நான் பக்திப் பாட்டுப் போட, இதுகள் எல்லாம் நித்திரை!"

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். தர்சினி தன் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சீடியை எடுத்துச் செருகினாள்.

"உது ஆற்ற?" என்றேன்.

"என்ர."

"கிறிஸ்ரியன் தந்ததோ?"

கிறிஸ்ரியன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு என்ன தெரியும் சுதன்? நான் மாதா பாட்டுக்காரன். உம்மட மனிசிதான் எங்களுக்கு லண்டன்காரியளைக் காட்டித் தந்தது."

"கட்டுநாயக்கா கார்மண்ட்ஸில வேலை செய்யேக்கை ரேடியோவில கேட்டுப் பழகினதாம்" என்றா அக்கா. "லைன்ல இருந்து தைச்சுத் தைச்சு முழுப் பாட்டும் பாடமாக்கினவளாம். உமக்குத் தெரியாதே?"

தெரியாது. சண்டை நின்று வன்னிப் பாதை திறந்த காலத்தில் அவள் கட்டுநாயக்காவில் இருந்தது தெரியும். எத்தனை மணி நேரம் தைத்தாள், விடுதியில் ஒரு அறைக்குள் எத்தனை பெண்கள் நெருக்கிப் படுத்தார்கள், எல்லாம் தெரியும். காதில் என்ன விழுந்தது என்று நான் கேட்டதில்லை. இந்த வானில் இருக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு அவள் பாடத் தொடங்கினாள். குசினியில் கேட்ட முணுமுணுப்பல்ல, வயிற்றுக்குள்ளிருந்து எடுத்த குரல். சீடியில் இருந்தவள் ஏறிய இடத்தில் இவளும் ஏறினாள். கிறிஸ்ரியன் கையை நீட்டிச் சீடியின் சத்தத்தைக் குறைத்தான், அவளுடையது கேட்கட்டும் என்று. பிறகு ஒரு கணம் ரோட்டை விட்டு அவளைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கெட்டது ஒன்றுமில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசு, அடித்திருப்பேன். அது நல்ல பாட்டைக் கேட்கிறவன் பார்வை. ஆறு வருடத்தில் எனக்கு ஒருதரமும் கிடைக்காததை அவன் ஒவ்வொரு நாளும், ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான்.

முன் சீட்டுகளுக்கு நடுவால் எட்டிப் பொத்தானை அமத்தினேன். சீடி வெளியே வந்து நின்றது.

"காணும். ஊராற்ற வான்ல ஏறி ஆட்டக்காரி மாதிரிக் கத்திக்கொண்டு."

தர்சினி திரும்பவில்லை. அவளுடைய கழுத்து மட்டும் சிவந்தது.

"தம்பி, உமக்கு என்ன பிடிச்சது?" என்றா அக்கா. டண்டினோங் வரும்வரை இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான்.

மார்க்கெட்டில் நான் ஒன்றும் வாங்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் கிறிஸ்ரியன் போன் எடுத்தான்.

"சுதன், குறை நினைக்காதையும். நான் தனிச்சிருக்கிற ஆள். ஒரு கதை கிளம்பினால் ஊரில என்ர மனிசி தாங்கமாட்டாள். நாளையில இருந்து நான் தர்சினியை ஏத்தேல்லை."

"சரி" என்றேன். பொய் சொல்வானேன், மனம் குளிர்ந்தது. வென்றுவிட்டேன். தர்சினியிடம் சொன்னேன்.

"இப்ப சந்தோசமே?" என்றாள்.

அவள் வேலையை விடவில்லை. பதினொரு மணிக்கே இறங்கி இரண்டு பஸ் மாறிப் போனாள். திரும்பி வர முந்தியதைவிட ஒரு மணி நேரம் கூடப் பிடித்தது. வந்து குளித்துப் படுத்தாள். குசினியில் கத்தி வெங்காயத்தில் படும் சத்தம்தான் கேட்டது.

இரண்டாம் சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த சீடிகளை எடுத்து மேசையில் பரப்பினேன்.

"இந்தா. உனக்காகத்தான் வாங்கினனான். பாடன்."

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வருகுதில்லை."

"வான்ல வந்ததே."

"வான்ல ஒருத்தரும் என்னைப் பாடு எண்டு சொல்லேல்லை."

அடுத்த ஆர்.டி.ஓ. அன்று நானும் பஸ் தரிப்புவரை நடந்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் காதில் வயரைச் செருகினாள். எப்போது வாங்கினாள் என்று தெரியாது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

"ஆர் பாடுறது?"

ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினாள்.

"டஃபி."

"அது ஆர்?"

"சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது."

பஸ் வந்தது. அவள் ஏறி நடுவில் ஒரு ஜன்னலோரம் இருந்தாள். கண்ணை மூடினாள். உதடு மறுபடி அசையத் தொடங்கியது. நான் தரிப்பில் நின்றபடி குனிந்து, அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன்.