முயலின் காது

மேசையைத் துடைக்கும்போதுதான் அந்தச் சிவப்புச் சீட்டு அவள் கண்ணில் பட்டது. 'காதுக்குள் குச்சி உள்ளது. எடுத்துவிட்டுச் சாப்பிடவும்.' கேக் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்க வேண்டிய சீட்டு. பெட்டி கடையைவிட்டுப் போய் அரை மணி நேரமாகிறது.

சீட்டோடு முதலாளியம்மாவிடம் ஓடினாள்.

அது முயல் கேக். வழக்கமாக அந்தக் கடையில் முயலுக்கு பிஸ்கட்டைத்தான் காதாகச் செருகுவார்கள். ஆனால் ஆர்டர் நோட்டில் தம்பி வீட்டு முகவரியைப் பார்த்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தம்பி மகளுக்கு இன்று ஆறு வயது. குழந்தையைப் பார்த்து இரண்டு வருடம். சர்க்கரை மாவைப் பிசைந்து இரண்டு நீளக் காதுகள் செய்து, அவை தொங்காமலிருக்கக் காதுக்கொரு பல்குச்சியை உள்ளே வைத்தாள். செய்தது யாரென்று அங்கே தெரியப்போவதில்லை. தெரியாமலிருப்பதே நல்லது என்றும் நினைத்திருந்தாள்.

முதலாளியம்மா தம்பி வீட்டுக்கு மூன்று முறை போன் அடித்துப் பார்த்தாள். எடுப்பாரில்லை.

"பாட்டுச் சத்தத்துல கேட்டிருக்காது. பதறாத. வெட்டும்போது கத்தியில தட்டுப்படும்ல?"

"காதைக் கத்தியாலயா வெட்டுவாங்க? பிச்சு வாயில போட்டுக்குவாம்மா."

அந்த வீட்டுப் பழக்கம் அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அப்பா வாங்கிவரும் மிருக பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததும் தம்பி எல்லாவற்றுக்கும் காதைத்தான் முதலில் கடிப்பான். யானை, பூனை, கரடி எல்லாம் மொட்டைத் தலையோடு வரிசையாகக் கிடக்கும். மிச்சத்தை அக்கா தலையில் கட்டிவிடுவான். மகளும் அப்பனை உரித்து வைத்தவள்.

ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் தெருவுக்கு ஓடி ஒரு டாக்ஸியை மறித்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு துணிக்கடைக் கூட்டத்தில் அதே குழந்தையைத் தொலைத்தவள் அவள்தான். ஒரு மணி நேரம் கழித்து, வெளியே வண்டிகளுக்கு நடுவில் அழுதுகொண்டு நின்றவளைத் தம்பி தூக்கிவந்தான். "கையை உதறிட்டு ஓடிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னாள். "இனிமே என் பொண்ணை உங்களை நம்பி விடமாட்டேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அத்தோடு அந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பலூன்கள், பத்துப் பதினைந்து பேர், கைதட்டல். மெழுகுவத்தி அணைந்து புகை எழுந்துகொண்டிருந்தது. முயலுக்கு ஒரு காது இல்லை. அது குழந்தையின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாயில வைக்காத!"

அலறல் கேட்ட அதிர்ச்சியில் குழந்தை கடித்தேவிட்டது. அவள் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். குழந்தை திமிறியது; பல் பதிய விரலைக் கடித்தது. அவள் விடவில்லை. சர்க்கரை மாவும் ரத்தமுமாக அரைக் குச்சி வெளியே வந்தது; மறுபாதி குழந்தையின் கையிலிருந்த மிச்சக் காதில் நீட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தம்!" தம்பி மனைவி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கு, ஈறு, தொண்டை எல்லாம் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ரத்தம் அத்தையின் விரலிலிருந்து வந்தது.

தம்பி மற்றக் காதை உடைத்தான். கூரான குச்சி கையோடு வந்தது. "எந்தக் கடைக்காரன்டா இப்படி... அக்கா, நல்லவேளை நீ வந்த..."

அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள்தான் காப்பாற்றியவள். ஒரு நொடி அந்த ஆசை வந்து போனது.

"நான்தான்டா செஞ்சேன். அந்தக் கடையிலதான் வேலை பார்க்கறேன். குச்சி இருக்குன்னு சீட்டு ஒட்டணும், மறந்துட்டேன்." மூச்சு வாங்கியது. வந்தது வரட்டும் என்று மீதியையும் சொன்னாள். "அன்னைக்கும் அவ கையை உதறல. போன்ல பேசிட்டே நான்தான் கையை விட்டேன்."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நில்லுங்க. கை சொட்டுது" என்றாள் தம்பி மனைவி. பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றினாள். தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஏன்டி கையை உதறினேன்னு கேட்டு அன்னைக்கு அவளை அடிச்சேன், அண்ணி. இல்லம்மா, இல்லம்மான்னு அழுதா. பொய் சொல்றான்னு இன்னும் ரெண்டு வச்சேன்."

அவளுக்கு விரலில் வலியே தெரியவில்லை.

குழந்தை அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. தம்பி மனைவி அதை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "அத்தை உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுக்க."

அவள் தரையில் முட்டி போட்டாள். "அன்னைக்கு நீ ஓடல கண்ணு. அத்தைதான் கையை விட்டுட்டேன்."

குழந்தை அவளை நேராகப் பார்த்தது.

"எனக்குத்தான் தெரியுமே" என்றது.