தடம் பதியாத முகாம்

மம்சாபுரம் ரோட்டோரத்து முகாமில் குடியிருக்கும் இலங்கைத் தமிழர்கள் ஒருவருக்கும் காலடித் தடம் பதியாது. சேற்றில் நடந்தாலும் பதியாது, ஈர சிமெண்டில் நடந்தாலும் பதியாது. ராமேஸ்வரம் கரையில் படகை விட்டு இறங்கியபோதே அப்படித்தான் இருந்தது என்று முதலில் வந்தவர்கள் சொல்கிறார்கள். இங்கே வந்து பிறந்த பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே கதைதான். நிழல் ஒழுங்காக விழுந்தது, தராசில் ஏறி நின்றால் முள் நகர்ந்தது. மண் மட்டும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ராஜபாளையத்துக்காரர்கள் இதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். அதற்குள் பஞ்சு விலை ஏறிவிட்டது, அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

பேச்சை விட்டார்களே தவிர ஆதாயத்தை விடவில்லை. புதுவீட்டுக்குத் தளம் போட்டால், காய்வதற்கு முன் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வர முகாமிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். வத்திராயிருப்பு வயற்காரர்கள் நாற்றங்காலுக்குள் இறங்கி களை எடுக்க முகாம் பெண்களைத்தான் தேடி வந்தார்கள், பாத்தி கலையாது என்று. அதற்காகக் கூலி கூடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் திருட்டுப் போனாலும், கொல்லையில் திருடனின் காலடித் தடம் காணவில்லை என்றால் போலீஸ் நேரே முகாமுக்கு வரும். தடம் இருந்தாலும் ஒரு பேச்சுக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

இந்த முகாமில்தான் தவமலர் இருந்தாள். மண்டபத்து முகாமில் பிறந்தவள். இந்த நாட்டு மண்ணில் பிறந்ததாலேயே குடியுரிமை கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அது முடிந்த பிறகு பிறந்தாள். அவளுடைய அம்மா கொஞ்சம் முன்னாலேயே படகேறி வந்து அவளைப் பெற்றிருக்கலாம். இலங்கைக் கலவரம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு கூடத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் தேவதானம் வரை போய் வீடுகளுக்கு பெயிண்ட் அடித்தார். மகள் நிரோஜா பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண் ஓடி வந்து தாண்டினால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவளைப் போல நீளம் தாண்ட ஆளில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு நீளம் என்பது ஒருவருக்கும் தெரியாது. நீளம் தாண்டுதலில் மணலில் பதிந்த தடத்திலிருந்துதான் அளப்பார்கள். நிரோஜா மணலில் இறங்கினால் மணல் ஆசிரியர் வாரிவிட்ட மாதிரியே கிடக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் தாண்டிய எல்லாத் தாண்டலுக்கும் எதிரே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். மாவட்டப் போட்டியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு கிடைக்கும். இதுதான் கடைசி வருஷம். மகள் காலடி ஒரு தடவை மண்ணில் பதிய வேண்டும், அதை ஒருவர் அளந்து எண்ணைச் சொல்ல வேண்டும். தவமலர் கேட்டது அவ்வளவுதான்.

குடியுரிமை வந்தால் தடம் தானாக வரும் என்று முகாமில் எல்லோரும் நம்பினார்கள். நல்லபடியாக நடந்துகொண்டால் குடியுரிமை வரும் என்று அதைவிட உறுதியாக நம்பினார்கள். நல்லபடியாக என்றால் வாயைத் திறக்காமல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனு எழுதக் கூடாது, கக்கூஸ் கதவு விழுந்துவிட்டால் சேலையைக் கட்டி மறைத்துக்கொள்ள வேண்டும், தணிக்கைக்கு வரும் அதிகாரி தாமதமாக வந்தால் அதுவரை வெயிலில் நிற்க வேண்டும், வந்ததும் சிரிக்க வேண்டும். இப்படிச் சிரித்தே ஒரு தலைமுறைக்குப் பல் விழுந்துவிட்டது.

இவர்களுடைய நல்ல நடத்தையைக் கண்டுபிடித்தவர் சுப்புராஜ். சின்னதாக ஒரு நூல் மில் வைத்திருந்தார், அதைவிடப் பெரிதாக ஒரு குடிமை விழிப்புணர்வு மன்றம் வைத்திருந்தார். மன்றத்துக்குத் தலைவர் அவர், பொருளாளர் அவருடைய மைத்துனர், உறுப்பினர்கள் யாரென்று இருவருக்குமே நிச்சயமில்லை. வாக்களிப்பது நம் கடமை என்று அவர் பேச எழுந்தால் மைக்கை வாங்க இரண்டு பேர் வேண்டும். போன இரண்டு தேர்தலுக்கும் லீவு கிடைத்ததென்று குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போய்விட்டார். மன்றத்தின் மனிதச் சங்கிலிக்கு ஊர்க்காரர்கள் யாரும் வராததால் சங்கிலி இரண்டு கடை தூரத்துக்கு மேல் நீளாது. அப்போதுதான் முகாமின் நினைவு வந்தது அவருக்கு. கூப்பிட்டால் வருவார்கள், வெயிலில் நிற்பார்கள், டீ வரவில்லை என்றாலும் கேட்க மாட்டார்கள். முகாம் விவகாரங்களைப் பார்க்கிற அதிகாரி சுயம்புலிங்கமும், இந்தச் சேவையெல்லாம் மேலே கவனிக்கப்படும் என்று முகத்தை மேலே தூக்கிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் மின்விசிறிதான் இருந்தது. தவமலர் அதையும் வணங்கினாள்.

அப்படித்தான் ஓட்டு இல்லாதவர்கள் வீடு வீடாகப் போய், ஓட்டு இருப்பவர்களை ஓட்டுப் போடச் சொல்லுகிற வேலை தொடங்கியது. தவமலருக்குக் கீழே பத்துப் பதினைந்து பெண்கள். யார் எங்கே பெயர் சேர்க்க வேண்டும், யார் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குடிமகன் என்பவன் தெருவில் சாக்கடை தேங்கினால் கேள்வி கேட்பவன் என்று மன்றத்து நோட்டீஸில் போட்டிருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மம்சாபுரத்தில் சண்முகத்தாய் என்ற பெண் வெங்காயம் உரித்தபடியே அதை முழுவதும் கேட்டாள்.

“ஏட்டி, அம்புட்டும் சரி. ஒனக்கு ஓட்டு இருக்கா?” என்றாள்.

“இல்லையக்கா.”

“பொறவு எதுக்கு இந்த வேகாத வெயில்ல அலையுத?”

தவமலர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வி அவளோடு கூடவே போனது, அதற்கும் தடம் இல்லை.

மன்றத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோலம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தெருவை அடைத்து, நூறு சதவீத வாக்குப்பதிவு என்று பிரமாண்டமாகக் கோலம் போட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ஊர்ப் பெண்கள் போட்டால் நடுவில் வண்ணம் நிரப்பப் போகும்போது ஓரம் கலைந்துவிடும். முகாம் பெண்கள் போட்ட கோலத்தின் மேலேயே நடந்து போய் நடுவில் உட்கார்ந்து ஊதாப்பூ வரைந்துவிட்டு, திரும்ப அதன் மேலேயே நடந்து வந்தார்கள். ஒரு பொட்டு நகரவில்லை. ‘என் வாக்கு என் உரிமை’ என்று தவமலர் தன் கையால் எழுதினாள். பெரிய அதிகாரி வந்து நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார். விளக்கேற்றுவதற்காக சுப்புராஜ் நடுவே நடந்தபோது பூவில் பாதி அவர் செருப்போடு போய்விட்டது. கேடயத்தையும் பால்கோவாப் பெட்டியையும் அவரே வாங்கிக்கொண்டார். மூன்று தேர்தலுக்கு இதே கோலம், இதே செருப்பு, வேறு வேறு கேடயம்.

இந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கென்று மறுபடி கோலம் போடச் சொன்னார்கள். இதை முடித்துக் கொடுத்துவிட்டால் உன் விஷயத்தை நானே பார்க்கிறேன் என்றார் சுயம்புலிங்கம். தவமலர் காய்ச்சலோடு போய்ப் போட்டாள். மறுவாரம் அவளுடைய குடியுரிமை மனு திரும்பி வந்தது. சட்டவிரோதமாக வந்தவரின் மகள் என்பதால் பரிசீலிக்க இயலாது என்றும், கள ஆய்வுக்கு வந்தபோது மனுதாரர் அவ்விடத்தில் நடமாடியதற்கான அடையாளம் தரையில் தென்படவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் நேரில் போய் நின்றாள். சுயம்புலிங்கம் வருத்தப்படுவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த கோலத்தில் வண்ணம் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்றார். அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாததால் வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டாள்.

மாவட்டப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் நடந்தது. காலையிலேயே தூறிவிட்டு மணல் ஈரமாகக் கிடந்தது. தலைமை விருந்தினர் வேறு யார், சுப்புராஜ்தான். நீளம் தாண்டுதலுக்கு நடுவர் பால்பாண்டி என்ற உடற்பயிற்சி ஆசிரியர். கெட்டவரில்லை, விதிப் புத்தகத்தைத் தாண்டி ஓரடி எடுத்து வைக்காத மனுஷர். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. நிரோஜா முதல் தடவை தாண்டினாள். கூட்டம் ஓவென்றது. பால்பாண்டி டேப்போடு குனிந்து மணலைத் தேடினார், நிமிர்ந்து கோடு போட்டார். இரண்டாவது தடவையும் அப்படியே. நிரோஜா யாரையும் பார்க்காமல் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அந்த நிற்பு தவமலருக்குத் தெரிந்த நிற்பு. தணிக்கை நாளில் வெயிலில் தான் நிற்பது அப்படித்தான். வயிற்று வலி நெஞ்சுக்கு ஏறியது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே மணல் குழிக்குள் இறங்கி நடுவில் நின்றாள்.

“அளந்துபோட்டு எழுதுங்கோ, சார். என்ர பிள்ளை பாஞ்சவள். இத்தனை பேரும் கண்டவை.”

“தடம் இல்லாம எதம்மா அளக்க? காத்தயா அளக்க?” என்றார் பால்பாண்டி. நியாயமாகத்தான் கேட்டார்.

“அது எனக்குத் தெரியாது. அளக்கும் மட்டும் நான் இதில நிக்கிறன்.”

போட்டி நின்றது. சுப்புராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். வழக்கமான சிரிப்பைப் போட்டுக்கொண்டு, “தவமலரு, ஒங்க முகாம் ஆளுகன்னா அமைதியானவிய. இம்புட்டு நாள் எடுத்த நல்ல பேர ஒரு நாள்ல கெடுத்துக்கிடாதம்மா” என்றார்.

தவமலர் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “நல்ல பேர் எடுத்தது நாங்கள் இல்லை ஐயா, நீங்கள். எங்களுக்கு ஒரு பேரும் இல்லை” என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியில் குண்டெறிந்துகொண்டிருந்த பையன்கள்கூடக் கேட்டுத் திரும்பினார்கள்.

அவள் நின்றாள். மழை மறுபடி தூற, எல்லோரும் பந்தலுக்குள் ஒதுங்கினார்கள், அவள் நின்றாள். அரசுப் பணியைத் தடுக்கிறாள் என்று போலீஸுக்குச் சொன்னார்கள். இரண்டு பெண் போலீஸ் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தபோது அவள் வரவில்லை. மொண்டி பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். அதில் ஒருத்தி குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஏக்கா, ஒங்க காலு உள்ள இறங்கிட்டு” என்றாள். தவமலரின் கால்கள் கணுக்கால் வரை மணலுக்குள் இருந்தன. அவளைத் தூக்கி வெளியே வைத்தபோது இரண்டு குழி இருந்தது, ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் அச்சாக. அதில் மழைத் தண்ணீர் நிறைந்தது. கூட்டம் பந்தலை விட்டு வந்து எட்டிப் பார்த்தது. பால்பாண்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினார், இதற்கு விதி எதுவும் இல்லை. மணலை வாரி விட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு பாக்கி இருக்கு” என்று விசிலை ஊதினார்.

நிரோஜா ஓடி வந்தாள், தாண்டினாள், விழுந்தாள். இரண்டு குதிகால், பின்னால் ஊன்றிய ஒரு கை, எல்லாம் பதிந்திருந்தது. அந்தக் கைத்தடம்தான் காலூன்றித் தாண்டும் பலகைக்குப் பக்கம், அதிலிருந்துதான் அளப்பார்கள். பால்பாண்டி டேப்பை இழுத்துப் பிடித்து, மூன்று மீட்டர் தொண்ணூற்றாறு என்று உரக்கச் சொன்னார். நான்காவது இடம்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடலாம். அந்த மாதத்திலேயே முகாமில் ஒவ்வொருவராக எல்லோருக்கும் தடம் வந்துவிட்டது, கைக்குழந்தைகளுக்குத்தான் கொஞ்சம் தாமதம். அரசாணை இல்லாமல் வந்த தடம் செல்லாது என்று சுயம்புலிங்கம் சொல்லிவிட்டார். தவமலர் மீது போட்ட வழக்கில் அவளுடைய காலடித் தடத்தின் புகைப்படம்தான் சாட்சி. திரும்பப் போட்ட மனு எப்போதும் போல மேலே இருக்கிறது. தண்ணீர் வராத நாளில் முகாம்காரர்கள் இப்போது குடத்தோடு ரோட்டில் உட்காருகிறார்கள், பஸ் நிற்கிறது. நன்றி கெட்டவர்கள் என்று சுப்புராஜ் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஊர் ஒரு வாரம் பேசியது.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அவளை விட்டபோது மழை நின்றிருந்தது. தாயும் மகளும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். நிரோஜா தேம்பித் தேம்பி அழுதாள். முதல் இரண்டு தடவை அதைவிடத் தூரம் போனேன், மூன்றாவதில் பதற்றத்தில் கையை ஊன்றித் தோற்றுவிட்டேன் என்றாள். “ஓம், தோத்துப்போனாய்” என்றாள் தவமலர். மற்றப் பிள்ளைகளைப் போலவே தன் பிள்ளையும் தோற்றுவிட்டு அழுகிறது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை, சொன்னால் மகள் அடிப்பாள் என்று வாயை மூடிக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர் அவர்கள் சீட்டருகே நின்று குனிந்து பார்த்தார். படியிலிருந்து சீட் வரை நாலு காலின் சேறும் வரிசையாக அப்பியிருந்தது.

“ஏம்மா, வண்டி கழுவி இன்னும் ஒரு சிங்கிள் நடைகூட அடிக்கல. காலை உதறிட்டு ஏறுனா என்ன?” என்று கத்தினார்.

தவமலர் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். துடைக்கவில்லை.