முறுக்கு அடங்காத அறை

கட்டி முடித்த முதல் வருடம் மேஸ்திரி வீட்டுக் கொல்லையில் நின்ற அறை, மழை நாளில் பன்னிரண்டடிக்குப் பதினாலடி இருந்தது. வெயில் நாளில் ஒன்பதுக்குப் பதினொன்று. அனுமதி வாங்கியிருந்தது பத்துக்குப் பன்னிரண்டுக்கு. செங்கல் சுவர்தான், சிமெண்ட் பூச்சுதான், மேலே தகரக் கூரைதான். விரிசல் என்று ஒன்றுகூட விழவில்லை. மழை பிடித்தால் கல்லுக்குக் கல் கொஞ்சம் இளகிக்கொடுக்கும், ஜன்னல் ஒரு சாண் அகலமாகும். காய்ந்ததும் எல்லாம் நெருங்கி வந்துவிடும். தெருவில் ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு, கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு அந்த ஜன்னலைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

அறை மேஸ்திரியின் மனைவிக்காகக் கட்டியது. மெத்தைத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் கம்பளி உதறியவள். வண்டியில் பொதி பொதியாக வரும் ஆட்டு ரோமத்தைப் பிரித்து, முள்ளும் புழுக்கையும் பொறுக்கி, உதறிப் போடுவது வேலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். கட்டினாலும் சளி சாம்பல் நிறத்தில்தான் வரும். மெத்தைக்கு உதவாத கழிவை எடுத்துப் போகலாம் என்று மேலாளர் சொல்லியிருந்ததால், சனிக்கிழமைதோறும் ஒரு சாக்கு வீட்டுக்கு வந்தது. அதை அலசி, சீவி, ராட்டையில் நூற்று, வெங்காயத் தோலிலும் செவ்வந்திப் பூவிலும் சாயம் ஏற்றி, போர்வை நெய்தாள், சால்வை பின்னினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டுக் கெட்டுத்தான் கை பழகியது. எந்த நூலையும் இரண்டு விரலில் உருட்டிப் பார்த்து, அது எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதில்லை.

வீட்டில்தான் இடமில்லை. கட்டிலுக்கு அடியில் மூட்டை, பீரோ மேல் மூட்டை, சமையலறையில் சாயப்பானை, நடைவழியில் தறி. மேஸ்திரியின் தங்கை, கணவன் வெளியூரில் வேலை பார்த்ததால் பாதி நாள் அண்ணன் வீட்டில்தான் இருப்பாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம், “இன்னிக்கு சோத்துல என்ன கலர் நூல் அண்ணி?” என்று கேட்பாள். மகள் மருந்துக் கடைக்குப் போகும்போது சட்டையில் ரோமம் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் பூனை வளர்க்கிறாயா என்பார்களாம். யாரும் பகையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நெய்துகொண்டிருக்கும்போது ஒருவர் நடைவழியைத் தாண்ட வேண்டும் என்றால் அவள் எழுந்து தறியைச் சாய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்தாள். ஐம்பத்தொரு வயதில் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தறியைச் சாய்க்காமல் வைக்க ஓர் அறை, அதற்கு ஒரு கதவு.

மேஸ்திரி கட்டித்தருகிறேன் என்றார். முப்பத்து நாலு வருடம் கொத்து வேலை பார்த்தவர். ஊரில் பாதிச் சுவர் அவர் கை பட்டது. அவர் எழுப்பிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் போய்ப் படுத்துத் தூங்கும் என்று கொத்தர்கள் சொல்வார்கள். சொந்த வீட்டில் மட்டும் ஒரு படி உடைந்திருந்ததை ஆறு வருடமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். அது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் நாலு மூலைக்கும் முளையடித்து நூல் கட்டும்போது, மகள் நூல்கண்டின் மேல் மண்வெட்டியைப் போட்டதில் நூல் நாலு துண்டாகிவிட்டது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மேஸ்திரி முனகிக்கொண்டே முளையைப் பிடுங்கப் போனார். மனைவி உள்ளே போய், காலையில்தான் ராட்டையிலிருந்து இறக்கிய கம்பளி நூல் சிட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நூற்ற கம்பளி நூலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. வெந்நீரில் நனைத்து, கீழே எடை கட்டி, இழுத்துத் தொங்கவிட்டுக் காயவைத்தால்தான் முறுக்கு அடங்கும். இல்லாவிட்டால் நனையும்போது நீளும், காயும்போது சுருங்கும், போன போக்கில் முறுக்கிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மேஸ்திரி நூலை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து முனை வரைக்கும் பார்த்தார். பிறகு சொன்னார்: “முப்பத்து நாலு வருஷத்துல இப்படி ஒரே சீரா ஒரு நூல் என் கையில வந்ததில்லம்மா.”

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நூலின் முறுக்கு அடங்கவில்லை என்பதை அவள் சொல்லாமல் விட்டாள். அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கடைக்காலிலிருந்து கூரை மட்டம் வரைக்கும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் மேஸ்திரி அந்த நூலுக்குத்தான் வைத்தார். திங்கட்கிழமை கடை திறந்த பிறகும் வேறு நூல் வாங்கவில்லை. நூல் எப்படியோ சுவரும் அப்படி. முதல் மழையன்று காலையில் போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி நீட்டிப் போட்டிருந்த தறிக்கு இரண்டு பக்கமும் இடம் அதிகமாகக் கிடந்தது. அவள் சுவரில் கை வைத்த உடனே தெரிந்துகொண்டாள். வெயில் வந்ததும் சுவர்கள் உள்ளே வந்து தறியைக் கவ்விக்கொண்டன, அடுத்த மழை வரைக்கும் பதினோரு நாள் ஒரு முழம் நெய்ய முடியவில்லை. போதாததற்கு முறுக்கு வேறு. வீட்டைப் பார்க்க வைத்த வாசல் நாலு மாதத்தில் எலுமிச்சை மரத்தைப் பார்க்கத் திரும்பியது.

மேஸ்திரி தினமும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போவார். குமிழி நடுவில்தான் தூங்கும். தூக்குக்குண்டு விட்டால் மயிரிழை தப்பாது. மூலைமட்டம் வைத்தால் மூலை சரி. எல்லாமே சரியாக இருந்தது, அறை மட்டும் சரியில்லை. மனிதர் பாதியாகிவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்களை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினார். கண் போய்விட்டது, கைக்கும் வயசாகிவிட்டது, இனி சாரத்தில் ஏறக் கூடாது என்று தங்கையிடம் சொன்னார். மனைவி சுவருக்கு அந்தப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் சொல்லவில்லை. அந்த ஒரு பாராட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் இருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே பிறந்தவர் போல இருப்பார். மழைக்கு அறை நீண்டு அவருடைய வேலியை ஒரு சாண் தள்ளி, அவரைக்காய்ப் பந்தலைச் சாய்த்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. எஃகு அளவுகோலை எடுத்து வந்து, காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அறையை அளந்து, ஒரு கோடு போட்ட நோட்டில் நாற்பது பக்கம் எழுதி, நகல் எடுத்து நகராட்சியில் கொடுத்துவிட்டார். அங்கிருந்து வந்த அளவர் மூன்று நாள் அளந்தார். மூன்று நாளும் மூன்று அளவு. சுருங்கும் விரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள் என மேஸ்திரி சொன்னதற்கு, ஒரு அறைக்கு ஒரு அளவுக்குத்தான் படிவத்தில் இடமிருக்கிறது என்றார். அடுத்த மாதம் இருபதாம் தேதி வருவேன், மழையோ வெயிலோ பத்துக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடிப்பதற்கு ஆள் வரும் என்று சொல்லி, கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மேஸ்திரி சம்மட்டியோடு கொல்லைக்குப் போனார். நகராட்சி ஆள் வந்து இடித்தால் நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான், என் கையால் கட்டினதை என் கையாலேயே இடித்துவிடுகிறேன் என்றார். மனைவி தறியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“இடிக்காதீங்க. தப்பு உங்க கையில இல்ல, நூல்ல. முறுக்கு அடங்காத நூலத்தான் அன்னிக்கு உங்ககிட்ட குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவருக்கு வந்தது மூச்சு. எட்டு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது அது.

“அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு.”

“கண்ணுக்கு என்ன குறைச்சல். வாய்தான் இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவ தொறக்குது.”

தங்கை வாசலில் நின்று சிரித்தாள். மேஸ்திரியும் சிரித்தார். பிறகு, சுடுதண்ணி ஊற்றினால் சுருங்கி அளவுக்கு வந்துவிடாதா என்று கேட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீரோ அளவுக்குச் சுருங்கும், ஜென்மத்துக்கும் விரியாது என்றாள் அவள். வழி ஒன்றுதான் இருந்தது. நூலுக்குச் செய்யாமல் விட்டதை அறைக்குச் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்க நனைத்து, சுற்றிலும் முளையடித்துக் கயிறு கட்டி, சரியான அளவுக்குக் கீழே சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துக் காயவைக்க வேண்டும். முழுக்கக் காயும் வரைக்கும் பிடி விடக் கூடாது. விட்டால் ஒன்பதுக்குப் பதினொன்றிலேயே நின்றுவிடும், அதற்குப் பிறகு எந்த மருந்தும் இல்லை.

இழுத்துப் பிடித்த கம்பளியை விட்டதும் அது கொஞ்சம் பின்வாங்கும். எவ்வளவு பின்வாங்கும் என்று தெரிந்தால்தான் எந்த அளவில் இழுத்துப் பிடிப்பது என்று முடிவு செய்யலாம். ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் அறை எவ்வளவு நகர்ந்தது என்று எழுதி வைத்திருந்தவர் ஒரே ஆள். அவள் வேலி ஓரமாகப் போய்க் கடிகாரக்காரரைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டாள். அந்த நாற்பது பக்கத்தையும் இதுவரைக்கும் யாரும் படிக்கக் கேட்டதில்லை. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நாலு விரக்கட பின்வாங்கும்மா, மூணே முக்கால்னு வச்சுக்கலாம்” என்றார். மறுநாள் அவரே அளவுகோலோடு வந்துவிட்டார்.

அன்று மேஸ்திரி அவள்தான். முப்பத்து நாலு வருடம் சித்தாள்களை விரட்டியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் சொன்ன இடத்தில் முளையடித்தார். மகள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சினாள். சூடு சரியா என்று அவள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, அடிக்கக் கூடாது, குழந்தைக்கு ஊற்றுவதுபோல ஊற்றுங்கள் என்றாள். தகரம் வரைக்கும் நனைந்ததும் அறை ஒரு பெருமூச்சு விட்டு, பன்னிரண்டுக்குப் பதினாலாக இளகிப் படுத்தது. வாசல் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தது. இருபத்தெட்டுக் கயிறு கட்டினார்கள். வெயில் ஏற ஏற, தொளதொளவென்று கிடந்த கயிறுகள் ஒவ்வொன்றாக விறைத்தன.

இரண்டாம் நாள் மதியம் வேலிப் பக்கத்து முளைகள் ஆடின. அவரைப் பந்தல் மண், தண்ணீர் குடித்து இளகியிருந்தது. முதல் முளை பிடுங்கிக்கொண்டு வந்தபோது மேஸ்திரி கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். இரண்டாவதைக் கடிகாரக்காரர் பிடித்தார், மூன்றாவதை மகளும் அத்தையும் பிடித்தார்கள். சுருங்குகிற அறை மாடு போல இழுத்தது. கடிகாரக்காரர் அவ்வளவு கனமான எதையும் வாழ்க்கையில் பிடித்ததில்லை. விட்டுவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். அவள் அவருக்குப் பின்னால் போய் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை மண்ணில் ஊன்றி நின்றாள். ரோமப் பொதியை இழுத்து இழுத்து உரமேறிய தோள் அது. வெயில் சாயும் வரைக்கும் ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள். அறை இழுப்பதை நிறுத்தியபோது கயிறு பட்டு எல்லோர் உள்ளங்கையும் உரிந்திருந்தது. மேஸ்திரியும் அவளும் மட்டும், காய்த்துப்போன கையில் உரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால், தப்பித்தார்கள்.

இன்னும் ஒரு முழுநாள் காயவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்கள். மூணே முக்கால் விரல் பின்வாங்கியது, நின்றது.

இருபதாம் தேதி அடைமழை. அளவர் குடையை மேஸ்திரியின் தங்கையிடம் கொடுத்துவிட்டு அளந்தார். பத்துக்குப் பன்னிரண்டு. நனைந்துகொண்டே மறுபடியும் அளந்தார், வெயில் வரட்டும் என்று நாலு நாள் கழித்து வந்தும் அளந்தார். உள்ளே தறி சாயாமல் நின்றது. சுவர் முழுக்கச் சிட்டங்கள் நிறவாரியாகத் தொங்கின. அவள் நெய்துகொண்டே இருந்தாள், ஒரு தடவையும் எழுந்திருக்கவில்லை. யார் கட்டியது என்று அளவர் கேட்டபோது மேஸ்திரி, “மேஸ்திரி அவங்கதான் சார். நான் கயிறு பிடிச்சேன்” என்றார்.

படிவத்தில் சுவரின் பொருள் என்ற இடத்தில் செங்கல், கல், மரம், தகரம் என்று நாலு கட்டம்தான் இருந்தது. கம்பளி நூல் கதையைக் கேட்டிருந்த அளவர் நேர்மையானவர், வெறும் செங்கல் என்று குறியிட மனம் வரவில்லை. பேனாவை மூடிவிட்டு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கேட்டார். ஏழு மாதம் கழித்துப் புதிய படிவம் அச்சாகி வந்தது. அதில் ஐந்தாவது கட்டமாகக் கம்பளி இருந்தது. இந்தக் கதை எழுதும் வரைக்கும் ஊரில் ஒரே ஒரு வீடுதான் அந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது. கீழே, கட்டியவர் என்ற இடத்தில், மேஸ்திரி தன் பெயரை எழுதிவிட்டுச் சற்று யோசித்து, அதற்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் மனைவியின் பெயரை நுணுக்கி எழுதிச் சேர்த்தார். இரண்டு வரியும் நேராக இருக்கின்றன.