அன்வர் பாஷாவின் இரண்டு பவுன்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் அன்வர் பாஷாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. ஒரு தடவையாவது ஜகாத் கொடுத்துவிட வேண்டும். மனிதர் காரா கேட்டார், பங்களாவா கேட்டார்? சிறு வயதில் ரம்ஜான் மாதம் ஒரு மரவாடிக்காரர் வீட்டு வாசலில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றவர் அவர். அந்த வாசல் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஜகாத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கையில் இருப்பதைக் கூட்டி, கடனைக் கழித்து, மிச்சம் ஒரு வரம்புக்கு மேல் வருடம் முழுக்க நின்றால் நூற்றுக்கு இரண்டரை ஏழைகளுக்குப் போக வேண்டும். வெள்ளி விலைப்படி இந்த ரம்ஜானில் வரம்பு அறுபத்தேழாயிரத்துச் சொச்சம். போன ரம்ஜானில்தான் அன்வர் பாஷா முதன்முதலாக வரம்பைத் தொட்டார். இப்போது வருடம் முழுதாகிவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதைக்கூட முடிவு செய்திருந்தார். கடைக்கு எதிர்ச் சந்தில் மூன்று பெண் பிள்ளைகளோடு இருக்கும் விதவை ஃபஸீலாவுக்கு. கொடுக்கும்போது சொல்ல வேண்டியதும் தயார்: "வச்சுக்கம்மா, நான் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், பி.காம். படிக்கும் மகள் மஹீரா நோட்டோடு உட்கார்ந்தாள். நோன்பு வாய் உலர்ந்திருந்தாலும் அன்வர் பாஷாவின் குரல் கணீரென்று இருந்தது.

"தையல் மெஷின எழுதிக்கோ."

"அது தொழில் சாமான், அத்தா. சேராது."

"ஸ்கூட்டர் கீதே?"

"ஓட்டுற வண்டியும் சேராது."

அவர் பார்வை மெல்ல மனைவியின் கம்மல் பக்கம் போனது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்த அஷ்ரஃபுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"என் காத இன்னாத்துக்கு பாக்கறீங்க? இது என்னுது. உங்க கணக்குல வராது."

கடைசியில் வங்கியிலும் கையிலுமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம், கடையில் கிடக்கும் ரெக்சின், ஃபோம் அறுபதாயிரம், ரெக்சின் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரம். மிச்சம் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். ஜகாத் நாலாயிரத்து ஐம்பது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் பரீட்சையில் பாஸான பையனைப் போலக் கிளம்பினார்.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் தாளை நீட்டினார். அவர் நிதானமாகப் படித்தார்.

"மாஷா அல்லாஹ். மஹர் கொடுத்தாச்சா பாய்?"

அன்வர் பாஷாவுக்குச் சுருக்கென்றது. மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டியது, அவளுக்கே சொந்தமானது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் இரண்டு பவுன் என்று எழுதி, பிறகு தருவதாகக் கையெழுத்துப் போட்டவர் அதோடு அதை மறந்தே போனார். அன்றைக்குப் பவுன் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. இன்றைக்கு அறுபத்தைந்தாயிரம்.

"அத்த கழிச்சா நான் வரம்புக்குக் கீழ பூடுவேனே, ஹஜ்ரத்."

"கொடுக்கிற எண்ணம் இருந்தா கழிங்க. கொடுக்கிற எண்ணமே இல்லேன்னா கழிக்க வேணாம், தாராளமா ஜகாத் கொடுங்க," என்றார் ஹஜ்ரத். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அதிகம் குத்தியது.

வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே அஷ்ரஃபுன்னிசா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்தேவிட்டாள்.

"இதுக்கா இப்டி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறீங்க? மஹர மன்னிச்சிட்டேன்னு நான் ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது. ஊர் ஒலகத்துல எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான். இத்தினி வருஷமா ஆசப்பட்டீங்க. போய்க் குடுங்க."

வழியெல்லாம் அவள் இதைச் சொல்ல வேண்டுமே என்றுதான் அவர் வேண்டிக்கொண்டு வந்தார். சொன்ன பிறகு தாங்க முடியவில்லை. கடைக்கு முதல் மெஷின் வாங்கிய வருடம் இரண்டு பெருநாளைக்குப் பழைய புடவையோடு இருந்துவிட்டு, ஒரு சொல் சொல்லாதவள் அவள். அவளுடையதை அமுக்கி வைத்துக்கொண்டு ஊருக்குக் கொடுக்கப் போகிற தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சொல்லாத அஷ்ரஃபு," என்றார். "அந்த வார்த்தய மட்டும் சொல்லிடாத."

போனை எடுத்து எண்களைத் தட்டினார். உள்ளேயிருந்த அவள் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரு லட்சம். ஒரு நாளைக்கு அதுக்கு மேல போவாதாம்," என்றார் அன்வர் பாஷா, குற்றவாளி போல. "மிச்சம் முப்பதாயிரத்த நாளைக்கு அனுப்பிடறேன்."

அஷ்ரஃபுன்னிசா அந்தச் சைபர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். தன் பெயருக்கு இவ்வளவு பணம் வந்து அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"மஹீரா, ஒரு லட்சத்துக்கு ஜகாத் எவ்ளோ?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு. ஆனா உனக்கு அடுத்த ரம்ஜான்லதாம்மா கடமையாவும்."

"முன்னாடியே குடுத்தாலும் செல்லும்னு ஹஜ்ரத் பயான்ல சொல்லிக் கேட்டிருக்கேன்." அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ரூபாயை எடுத்து, எண்ணி, உறையில் போட்டுக் கணவர் கையில் வைத்தாள். "ஃபஸீலாக்கு. நோன்பு தெறக்கறதுக்குள்ள குடுத்துட்டு வந்துடுங்க."

ஃபஸீலா கதவைத் திறந்தபோது அன்வர் பாஷா உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சொல்ல வேண்டியதைத்தான் எத்தனையோ நாளாகத் தயார் செய்து வைத்திருந்தாரே! அது வாய்க்கு வரவே இல்லை. வந்ததோ அதைவிடப் பெருமையாக வந்தது.

"வச்சுக்கம்மா," என்றார். "எங்க ஊட்ல குடுத்தனுப்பினாங்க."