மஞ்சள் சீட்டு குத்திய மீன்கள்

போன வருடம் கொடைக்கானல் மலையிலுள்ள போளூர்க் குளத்தில் நாங்கள் விட்ட முந்நூறு மகசீர் மீன்குஞ்சுகளும் மறுநாள் காலையில் வயிற்றைக் காட்டி மிதந்தன. கொன்றது நாங்கள்தான். அடிவாரத்துப் பண்ணையில் வளர்ந்த குஞ்சுகளாச்சே, மலைக்குளிரில் நடுங்குமே என்று பரிதாபப்பட்டு, மீன் இருந்த பிளாஸ்டிக் பைகளைச் சிறப்பு விருந்தினர் வரும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்தோம். அவர் வந்தார், மாலை போட்டோம், கைதட்டினோம், அந்தச் சூட்டோடு அப்படியே ஐஸ் தண்ணீரில் கொட்டினோம். கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடமாக லேப் அசிஸ்டென்டாக இருக்கிறவள் நான். சூடான கண்ணாடிக் குடுவையைப் பச்சைத்தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ!

இந்த வருடம் மீன்வளத்துறை ஆய்வாளர் சுஜிதா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இருநூறு குஞ்சு தர்றேன், ஜோசப்பின் அக்கா. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குத்தி விடுங்க. ஆறு மாசம் கழிச்சு நான் வலை போடுவேன். நம்பரோட பத்து மீனாவது கிடைக்கணும். இல்லன்னா இந்தக் குளத்தை மீன் விடுற லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து நின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எடுத்துவிட்டால் எங்கள் நாலு வருட உழைப்பு போச்சு. பூண்டுக்காட்டுப் பூச்சிமருந்துத் தண்ணீர் குளத்தில் இறங்காமலிருக்க ஊர்க்காரர்கள் கரையைச் சுற்றி வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். எங்கள் சர்ச்சிலிருந்து பதினைந்து பேர் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஜீப் ஏறிப் போய்ப் பாசி அள்ளியிருந்தோம். எத்தனை ஞாயிறு என்று கணக்கே இல்லை.

பிப்ரவரியில் வண்டி வந்தது. தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன், இருபத்தேழு. குளத்தில் பதினேழு. தொட்டிகளை மரநிழலில் இறக்கி, சொம்பு சொம்பாகக் குளத்துத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். அவசரப்பட்டவர்களை அதட்டினேன். ஒன்றரை மணி நேரம் என் வாய் ஓயவில்லை.

சீட்டு குத்தும் வேலையை உள்ளூர் அன்னக்கொடியும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் விலைச்சீட்டு குத்துவார்களே, அதே மாதிரி ஒரு சின்னத் துப்பாக்கி. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு அழுத்து, நம்பர் போட்ட மஞ்சள் இழை உள்ளே நின்றுவிடும். எங்கள் ஆட்கள் கையில் மீன் வழுக்கி வழுக்கி ஓடியது. அன்னக்கொடி நாள் முழுக்கப் பூண்டைத் தொட்டுப் பார்த்தே தரம் பிரிக்கிறவள். ஈரத்துணியில் மீனைப் பிடித்த பிடியில் ஒரு செதில்கூட உதிரவில்லை.

"இதென்ன டீச்சர், பெரிய சோலியா? பூண்டாவது தோலு உரியும்" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை.

பதினொரு மணிக்கு இருநூறும் ஒரே தொட்டியில் தயார். இந்த வருடமும் சிறப்பு விருந்தினரைத்தான் காணோம். ஊர்க் கமிட்டித் தலைவர் முருகானந்தம் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மைக்செட்டும் வைத்திருந்தார். வரப்போகிறவர் மனசு வைத்தால் ஊருக்குத் தார்ரோடு வரும் என்று அவருக்கு ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டரைக்குத் தொட்டித் தண்ணீருக்குக் காற்று அடிக்கிற மோட்டாரின் பேட்டரி உயிரை விட்டது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நான் பந்தலுக்கு ஓடினேன்.

"விட்டுரலாம் முருகானந்தம்."

"இன்னும் அரை மணி நேரம், டீச்சர். பெருமாள்மலை தாண்டிட்டாராம்."

"அங்கேர்ந்து இங்க வர அரை மணி நேரம் போதுமா? யாருகிட்ட கதை விடுறீங்க? மீனுக்கு மூச்சு முட்டுது, பாருங்க!"

"அவரு கையால விடணும்னுதான கூப்புட்டிருக்கோம்? வந்தவரு வெறுந்தொட்டியவா பாப்பாரு?"

"வெறுந்தொட்டியப் பாத்தா அவரு செத்துட மாட்டாரு. இதுங்க செத்துரும்!"

அவர் தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். "நீங்க வெளியூரு. எங்க ஊர்க் காரியத்துல தலையிடாதீக."

எனக்கு வந்ததே கோபம்! நாலு வருடம் அந்தச் சேற்றில் கிடந்திருக்கிறேன், நான் வெளியூராம். "தள்ளுங்க!" என்று கத்தியதில் மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். "அன்னக்கொடி, அந்தப் பக்கம் பிடிம்மா!"

அன்னக்கொடி முருகானந்தத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தொட்டியைப் பிடித்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கித் தொட்டியை மெல்லச் சாய்த்தோம். குஞ்சுகள் ஒரு நிமிடம் தயங்கி நின்று, பிறகு ஒவ்வொன்றாக ஆழத்துக்குப் போயின.

இரண்டு மணிக்கு வந்த விருந்தினர் வெறுந்தொட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், டீகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார். முருகானந்தம் பந்தலைப் பிரித்தார். அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஒன்றும் மிதக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒரு மீனையும் யாரும் பார்க்கவில்லை. 'கொக்குக்கு விருந்து வச்ச டீச்சர்' என்று டீக்கடையில் பேர் வைத்துவிட்டார்கள். சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஆகஸ்டில் சுஜிதா வெள்ளனே வலையோடு வந்துவிட்டார். முதல் இழுப்பில் சில்லறைக் குறவை மீன்களும் ஒற்றைச் செருப்பும். இரண்டாவதில் மஞ்சள் சீட்டோடு இரண்டே மீன். சுஜிதா என் முகத்தைப் பார்க்காமல் நோட்டில் எழுதினார். மூன்றாவது இழுப்பில் வலை ஆழத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டுவிடலாம் என்றார்கள் துறை ஆட்கள். நான் மாதாவைக் கூப்பிட்டேன், வேறென்ன செய்ய?

'தொபீர்' என்று சத்தம். பார்த்தால், இவ்வளவு நேரம் கரையில் கையைக் கட்டி நின்ற முருகானந்தம் வேட்டியோடு தண்ணீருக்குள் போயிருந்தார். இரண்டு தடவை முங்கினார். மூன்றாவது தடவை தலையைத் தூக்கி, "கல்லுல மாட்டிக் கெடந்துச்சு, எடுத்துட்டேன்! ஏலே, வெரசா இழுங்க!" என்று கத்தினார்.

ஊரே கயிற்றைப் பிடித்தது. வலை கரைக்கு வர வர உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் துள்ளியது. விரல் நீளத்தில் போனதெல்லாம் சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தன! அன்னக்கொடி ஒவ்வொன்றாக எடுத்து நம்பரைக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விட, சுஜிதா எழுத, ஊர் எண்ணியது. எட்டு, ஒன்பது... பத்து என்றபோது எழுந்த கூச்சலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தது. அதோடு நிற்கவில்லை. இருபது, முப்பது, நாற்பத்தாறு!

நான் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது!

"அடுத்த வருஷத்துக்கு எத்தனை குஞ்சு கேட்டு எழுதட்டும், அக்கா?" என்றார் சுஜிதா. நான் சேற்றுக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே முருகானந்தம்தான் பதில் சொன்னார்.

"ஆயிரம்னு எழுதுங்க மேடம். எங்க ஊரு டீச்சரு கேட்டாகன்னு எழுதுங்க."